குட்டிக் கரையில் சொன்ன ‘வரேன்’

சனிக்கிழமை காலையில் பேத்தி ஆதிரா நீச்சல்குளத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும் முன் முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். வெயில் சுடாமல் இருக்கப் பூசுகிற வெள்ளைக் களிம்பை அவள் முதுகில் தடவுவது இந்த வீட்டில் என் வேலை. குழாயைப் பிதுக்கியதும் தேங்காய் வாசனை வந்தது. உண்மையான தேங்காய் இல்லை. தேங்காயைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டுச் செய்த மாதிரி ஒரு வாசனை. அதை முகர்ந்ததும் நான் எங்கேயோ போய்விட்டேன். கை மட்டும் தடவிக்கொண்டே இருந்திருக்கிறது.

“பாட்டி, தட்ஸ் இனஃப்! ஐ லுக் லைக் எ கோஸ்ட்” என்று கத்தினாள். பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றாள் குழந்தை.

நான் போன இடம் ஒரு குட்டிக் கடற்கரை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் எல்லார் மேலும் இதே வாசனை.

நான் டெக்ஸாஸில், சுகர் லேண்டில், மகன் வீட்டில் இருக்கிறேன். சர்க்கரை வியாதிக்காரியைக் கொண்டுவந்து சர்க்கரை என்று பெயர் வைத்த ஊரில் குடிவைத்திருக்கிறான் செந்தில். மருமகள் கவிதா டாக்டர். அவளுக்கு ஒரு சமயம் டாக்டர்கள் கூட்டம் கிரேக்க நாட்டில், கிரீட் என்கிற தீவில் வந்தது. ஐந்து நாள். செந்தில் லீவு போட்டான். ஆதிராவுக்கு அப்போது இரண்டு வயது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். இல்லை, அப்படிச் சொன்னால் தப்பு. “குழந்தைக்காக இல்ல அத்தை, நீங்க பாக்கணும்னுதான் டிக்கெட் போட்டேன்” என்றுதான் கவிதா சொன்னாள். நான்தான் குழந்தைக்காகப் போகிறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் சும்மா ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நாங்கள் தங்கிய இடம் ஒரு மேட்டில். அங்கேயிருந்து கல்படி இறங்கினால் கடல். நம் ஊர்க் கடல் மாதிரி கண்ணுக்கு எட்டியவரை போகிற கடல் இல்லை அது. இரண்டு பக்கமும் பாறை கையை நீட்டி வளைத்துக்கொண்டிருந்தது. நடுவில் நம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு மணலும் கூழாங்கல்லும். காற்று வெளியே அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே வராது. அலையே கிடையாது. அண்டாவில் பிடித்துவைத்த தண்ணீர் போல, அடியில் கிடக்கிற கல்லை எண்ணிவிடலாம்.

எனக்குத் தண்ணீரோடு பெரிய பழக்கம் இல்லை. பாலாற்றங்கரையில் பிறந்தவள், நீச்சல் தெரியாது என்றால் பாலாற்றைப் பார்த்தவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். எங்கள் ஆற்றில் மணல்தான் ஓடும். அந்த மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சொம்பில் மொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்வோம். கடலை முதலில் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு, மெரினாவில். என் வீட்டுக்காரர் ஒரு கையில் இரண்டு பேருடைய செருப்பையும் இன்னொரு கையில் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். ஓர் அலை வந்தது. கணுக்கால் நனைந்தது. “கால் நனைச்சாச்சுல்ல? வா, பஜ்ஜி சாப்புடலாம்” என்றார். அவ்வளவுதான். நம் பெண்கள் கடலுக்குப் போவது கால் நனைக்க. இங்கே பக்கத்தில் கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனாலும் நான் அதைத்தான் செய்கிறேன். பஜ்ஜி மட்டும் இல்லை.

அந்தக் குட்டிக் கரைக்கு முதல் நாள் இறங்கியபோது தண்ணீரில் ஏழெட்டு ஓலைத் தொப்பிகள் மிதந்துகொண்டிருந்தன. பாவம், யாருடைய தொப்பியெல்லாமோ காற்றில் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது ஒரு தொப்பி சிரித்தது. இன்னொரு தொப்பி பதில் சொன்னது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு தொப்பிக்கும் கீழே ஒரு கிழவி. கழுத்துவரை தண்ணீரில், வட்டமாக நின்றுகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் நீந்தவில்லை. நிற்கிறார்கள், பேசுகிறார்கள், கையால் தண்ணீரை லேசாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பாஷை புரியவில்லை என்றாலும் பேச்சு எனக்குப் புரிந்தது. ஒருத்தி குரலைத் தாழ்த்தினால் மற்றவர்கள் தொப்பியை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். மருமகள் விஷயமாகத்தான் இருக்க வேண்டும்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை கூழாங்கல் பொறுக்கியது. அரைகுறையாக உடுத்தியவர்கள் பக்கத்தில் படுத்திருந்ததால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தொப்பிகளையே பார்த்தேன். அன்றைக்கே எனக்கு ஆசை வந்துவிட்டது. கால் நனைப்பது இல்லை. அப்படிக் கழுத்துவரை போய், நானும் ஒரு தரம் நிற்க வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கம் இல்லை. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, ‘எனக்கு இது வேணும்’ என்று வாயைத் திறந்து கேட்ட ஞாபகம் இல்லை. யாரும் கொடுக்கவில்லை என்று குறை சொல்லவில்லை. கேட்க வெட்கம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஒரு தொப்பி கரையேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. என் வயதுதான் இருக்கும். பருத்த உடம்பு, காலில் எனக்கு இருப்பதுபோலவே புடைத்த நரம்பு. நனைந்த கையால் ஓர் அத்திப்பழத்தைப் பிட்டுப் பாதியைக் குழந்தைக்கும் பாதியை எனக்கும் கொடுத்தார். பிறகு தன் முழங்காலைத் தட்டி முகத்தைச் சுளித்தார். நான் என் முழங்காலைத் தட்டி அதே மாதிரி சுளித்தேன். அவர் தண்ணீரைக் காட்டினார், முழங்காலைக் காட்டினார், கையை விரித்து, வலி பறந்துவிடும் என்று காட்டினார். “கம்” என்றார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் என் இங்கிலீஷ் அளவுதான்.

நான் “ப்ச்” என்றேன். அந்த ஊரிலும் இல்லை என்பதற்குத் தலையை மேலே தூக்கி “ப்ச்” என்கிறார்கள்! வேலூர்ப் பக்கத்தில் ‘சாப்டியா?’ என்று கேட்டால் நாம் சொல்கிற அதே ‘ப்ச்’. அதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். என்னை ஏதோ சித்தி பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மேலே காபிக் கடை வைத்திருந்தவர் அவரை ‘கிரியா’ என்று கூப்பிட்டதைக் கேட்டு, நானும் கிரியா என்றே கூப்பிட்டேன். வேறு இரண்டு மூன்று கிரியாக்களும் அங்கே இருந்தார்கள். நம் தெருவில் நாலு லட்சுமி இருப்பதில்லையா? கிரியா என்றால் அவர்கள் பாஷையில் ‘அம்மா’, ‘மேடம்’ என்பதுபோல ஒரு மரியாதைச் சொல் என்று வீட்டுக்கு வந்த பிறகு கவிதா சொல்லித்தான் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டது ‘அம்மா’ என்று. செந்தில் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். ஆக, பெயரே தெரியாமல் நான்கு நாள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் கணுக்கால்வரை போனேன். நான்காம் நாள் முழங்கால்வரை. புடவை நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. அதற்கு மேல் கால் போகவில்லை. மேலே படியில் செந்தில் போனில் பேசிக்கொண்டே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் எப்படி? தொப்பிகளெல்லாம் ஒன்றாகக் கைதட்டிக் கூப்பிட்டன. நான் வெட்கப்பட்டுக்கொண்டு கரையேறினேன்.

கிளம்பும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வேலூர் டிப்போவில் கண்டக்டர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை அவசரத்தில் “நான் போறேம்மா” என்று சொல்லிவிட்டார். மாமியார் விடவில்லை. “என்னாடா பேச்சு இது? உள்ள வா. உக்காரு. தண்ணி குடிச்சிட்டு ஒழுங்கா சொல்லிட்டுக் கெளம்பு.” அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, “போயிட்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டு ஓடுவதற்குள் வேறொரு கண்டக்டரை ஏற்றிக்கொண்டு அவருடைய பஸ் போய்விட்டது. பஸ்ஸைத் தவறவிட்ட கண்டக்டர் என்று டிப்போவில் வெகுநாள் கேலி. பிறகு நான் சத்துணவுக்கூடத்தில் ஆயாவாக இருந்தபோதும் அப்படித்தான். “ஆயா, போறேன்” என்று சொல்கிற பிள்ளையை நிறுத்தி, வரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். அவ்வளவு ஊறிப்போன பழக்கம். எந்த வீட்டு வாசலிலும் என் வாயில் ‘போறேன்’ வந்தது கிடையாது.

நான்காம் நாள் கிரியாவிடம் விடைபெற நின்றேன். மறுநாள் காலை எங்களுக்கு விமானம். போயிட்டு வரேன் என்று முறையாகச் சொல்ல வேண்டுமே. தெரிந்த இங்கிலீஷைக் கூட்டி, “ஐ கோ, கம்” என்றேன்.

“கம்?” என்றார் கண்ணை விரித்து.

“கம், கம்” என்றேன், தலையை நன்றாக ஆட்டி.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தொப்பிகளைப் பார்த்து ஏதோ கூவினார். எல்லோரும் கூவினார்கள். தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துப் பார்த்தார். தன் உடுப்பைத் தொட்டு என் மேல் அளந்து பார்த்தார். “அவ்ரியோ” என்று சொல்லி எட்டு விரலைக் காட்டினார். என்ன அன்பான மனிதர்கள், எவ்வளவு ஆசையாக வழியனுப்புகிறார்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் “அவ்ரியோ, அவ்ரியோ” என்றேன்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். இருபது நிமிஷம் போயிருப்போம். கார் ஓட்டிக்கொண்டே செந்தில் கேட்டான்: “அம்மா, உன் ஃப்ரெண்ட்கிட்ட சொல்லிட்டு வந்தியா?”

“சொன்னேன்டா. ஐ கோ, கம்னு சொன்னேன்.”

அவன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். “ஐயோம்மா! கம்னா திரும்பி வரேன்னு அர்த்தம்மா.”

“நாம சொல்றது அதானே?”

“நாம சும்மா சொல்வோம். அவங்க நெஜமா எடுத்துப்பாங்க.”

முன் சீட்டில் இருந்த கவிதா திரும்பினாள். “அவங்க என்ன சொன்னாங்க அத்தை?”

“அவ்ரியோன்னாங்க. எட்டு விரல் காமிச்சாங்க.”

கவிதா போனில் பார்த்தாள். சிரிக்கவில்லை. “அவ்ரியோன்னா நாளைக்கு, அத்தை. நாளைக்கு எட்டு மணிக்குன்னு சொல்லியிருக்காங்க.”

காரில் மணி எட்டு ஐந்து.

 அந்த அம்மா படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் கூப்பிடுவார்கள். ‘அம்மா வருவாள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். இந்தப் பெண்பிள்ளை பொய் சொல்லிவிட்டுப் போனாள் என்று ஒன்பது மணிக்கு மேல் அவருக்குத் தெரியும். நான் யாரிடமும் வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை என்றேனே, அதே மாதிரி யாரையும் காக்க வைத்ததும் இல்லை. ஜன்னல் வழியே ஆலிவ் மரமாகப் போய்க்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வண்டியத் திருப்புடா” என்றேன்.

“என்னது?”

“திருப்பு. போகணும்.”

“அம்மா, ஒரு மணிக்கு ஃப்ளைட். கார் வேற ரிட்டர்ன் பண்ணணும். போகலைன்னா பரவால்லம்மா, அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க.”

“சொல்லாம வந்திருந்தா பரவால்லடா. சொல்லிட்டு வந்துட்டேனே!”

 கவிதா அவனைப் பார்த்து, “செந்தில், உங்கம்மா உங்கிட்ட இதுவரைக்கும் என்ன கேட்டிருக்காங்க?” என்றாள். அவன் யோசித்தான். அடுத்த வளைவில் யூ டர்ன் அடித்தான்.

படியில் நான் இறங்கியபோது எட்டரை. தொப்பிகளெல்லாம் தண்ணீரில். ஒருத்தர் மட்டும் உலர்ந்த உடுப்போடு பாறையில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இன்னொரு தொப்பி. துவைத்து இஸ்திரி போட்ட பூப்போட்ட கவுன் ஒன்று. என்னைப் பார்த்ததும் கோபமாக மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், கடிகாரமே கட்டாத மணிக்கட்டை. பிறகு சிரித்தார்.

“அத்தை, இறங்குங்க. பதினஞ்சு நிமிஷம் இருக்கு” என்றாள் கவிதா. குழந்தையின் போர்வையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். மேலே பார்த்து, “செந்தில், அந்தப் பக்கம் திரும்பி நில்லு!” என்று அதட்டினாள். டாக்டரம்மா பிடித்த போர்வைக்குப் பின்னால் நின்று நான் விமானத்துக்குக் கட்டிய புடவையை அவிழ்த்துவிட்டு அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டேன். என்னைப்போல் இரண்டு பேர் அதற்குள் போகலாம்.

கிரியா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால், இடுப்பு, மார்பு. கவுன் குடை மாதிரி விரிந்து மிதந்தது; தொப்பிகளெல்லாம் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்து அமுக்கின. கழுத்துவரை வந்ததும் நின்றோம். முழங்கால் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்றால் சாதாரணமாக இல்லை. முட்டி இருக்கிறதா என்று தண்ணீருக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வட்டத்தில் எனக்கு இடம் விட்டார்கள். பேச்சு நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. நடுநடுவே என் பக்கம் திரும்பி என்னையும் ஏதோ கேட்டார்கள். “ஆமா, எங்க வீட்லயும் அப்படித்தான்” என்று தமிழிலேயே சொன்னேன். சரியான பதில்தான் போலிருக்கிறது, எல்லோரும் தலையாட்டினார்கள். இறுக்கிக் கட்டியது எதுவும் இல்லாமல், தூக்கிச் சுமப்பது எதுவும் இல்லாமல் நான் நின்றது என் ஞாபகத்தில் அந்தப் பதினைந்து நிமிஷம்தான்.

மேலே செந்தில் அந்தப் பக்கமே திரும்பி நின்றுகொண்டு, “அம்மா, டைம் ஆச்சு!” என்று கத்தினான்.

உடை மாற்றிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். நனைந்த பின்னலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “அவ்ரியோ?” என்றார் கிரியா.

 வரேன் என்றால் நாளைக்கும் எட்டு மணிக்கு வந்து இந்தப் பாறையில் உட்காருவார். கவிதா என் காதோரம், “நான் இங்கிலீஷ்ல எக்ஸ்ப்ளெய்ன் பண்ணட்டுமா அத்தை?” என்றாள். வேண்டாம் என்றேன். தலையை மேலே தூக்கி “ப்ச்” என்றேன். கையால் ஆகாயத்தைக் காட்டி விமானம் போவதைப்போல நீட்டினேன். அவர் கை போன திசையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். என் கன்னம் இரண்டையும் பிடித்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார், நீளமாக. என்ன சொன்னார் என்று தெரியாது. நானும் என் பாஷையில் சொன்னேன்.

“போறேன்.”

கவிதா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். படியில் ஏறும்போது, “ஏன் அத்தை அந்த வார்த்தை?” என்றாள். “அவங்களுக்குப் புரியாதும்மா” என்றேன். “உங்களுக்குப் புரியுமே” என்றாள்.  அவள் என் ஈரத் தலையை அந்தப் போர்வையாலேயே துவட்டிக்கொண்டு வந்தாள். விமானத்தைப் பிடித்துவிட்டோம். டெக்ஸாஸ் வந்து சேரும்வரை என் தலைமுடியில் உப்பு இருந்தது.

போன மாதம் ஆதிராவிடம் அந்த இடத்தை டேப்லெட்டில் காட்டச் சொன்னேன். கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் பாருங்கள். அவள் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். இடது பக்கத்துப் பாறையை உடைத்துச் சமமாக்கிச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் படுக்கை நாற்காலிகள், குடைகள். மேட்டில் பெரிய ஓட்டல். கல்படி தொடங்குகிற இடத்தில் கேட். அங்கே தங்குகிறவர்கள் மட்டும்தான் இறங்கலாமாம், ஆதிரா படித்துச் சொன்னாள். படம் படமாகத் தள்ளிப் பார்த்தோம். எல்லோரும் படுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் நின்று பேசிக்கொண்டிருப்பவர் ஒருவர்கூட இல்லை.

“வேர் டிட் தே ஆல் கோ, பாட்டி?” என்றாள்.

தெரியவில்லை. யாரிடம் விசாரிப்பது, என்ன பெயர் சொல்லி விசாரிப்பது? அத்தனை முழங்கால்களும் இப்போது எந்தத் தண்ணீருக்குப் போகின்றனவோ. எட்டு மணிக்கு அங்கே யாரும் எனக்காக உட்கார்ந்திருக்கப் போவதில்லை. உட்காரக் கூடாது என்றுதான் அன்றைக்குப் ‘போறேன்’ என்று சொன்னேன். இருந்தும், அந்தச் சிமென்ட்டைப் பார்த்த பிறகு, வரேன் என்றே சொல்லியிருக்கலாமோ என்று இருக்கிறது.